ஒற்றை ஆள், ஒரு டிக்கெட்

திண்டுக்கல்லில் இரவு ரயிலேறி, விடிந்ததும் சென்னை எழும்பூரில் இறங்கி, அருங்காட்சியகமும் கடற்கரையும் பார்த்துவிட்டு, மறுநாளோ அதற்கடுத்த நாளோ தனியாக வீடு திரும்பும் இளைஞரை இன்று யாரும் வியந்து பார்ப்பதில்லை. கல்யாணம் இல்லை, காரியம் இல்லை, வேண்டுதல் இல்லை, கூட ஆளும் இல்லை. ஊர் பார்க்க வேண்டும் என்பது ஒன்றே காரணம். இது நேற்று முளைத்த பழக்கம் என்பது பொதுவான எண்ணம். கையில் சம்பளமும் செல்பேசியும் வந்தபின் வெளிநாட்டாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்றும், நம் முன்னோர் கூட்டமாகத்தான் போனார்கள் என்றும் சொல்லக் கேட்கிறோம். கூட்டமாகப் போனார்கள் என்பது உண்மை. ஆனால் தனியே ஊர் பார்க்கும் ஆசை அவர்களுக்கு இல்லாததால்தான் அப்படிப் போனார்கள் என்பதற்குச் சான்று இல்லை. ஆசை பழையது. தன்னை அறியாத ஊரில் ஒற்றை ஆள் சந்தேகத்துக்கு ஆளாகாமல் சாப்பிடவும் படுக்கவும் நடமாடவும் முடிவதுதான் புதியது. அந்த நிலை யாருடைய துணிச்சலாலும் வந்துவிடவில்லை. சத்திரம், ரயில், காசு கொடுத்தால் சோறு போடும் கடை, பூட்டுப் போட்ட அறை, சில சட்டங்கள் என்று ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்த ஏற்பாடுகளால் வந்தது. அதுவும் எல்லோருக்கும் ஒரே நாளில் வரவில்லை. திருச்சி, மதுரை, பழனி, கரூர், நத்தம் எனப் பல திசைச் சாலைகள் வந்து கூடும் திண்டுக்கல் சமவெளியில் இந்த வரலாற்றைத் தெளிவாகவே பின்தொடரலாம்.

இந்தச் சமவெளி வழியாகப் பெருநகருக்குப் போகும் பாதையைப் பற்றிய பழைய குறிப்பு ஒன்று சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. உறையூர் தாண்டிய வழியில் கோவலனைச் சந்திக்கும் மாங்காட்டு மறையவன் கொடும்பாளூரிலிருந்து மதுரைக்கு மூன்று வழி சொல்கிறான். அவற்றுள் வலப்பக்க வழியில் பாண்டியனுடைய சிறுமலை தெரியும், அதை வலமாக வைத்துக்கொண்டு போக வேண்டும் என்கிறான். திண்டுக்கல்லுக்குத் தெற்கிலும் கிழக்கிலும் இன்றும் வாழைக்குப் பேர்போன அதே சிறுமலைதான். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் அந்த வழியில் போகாமல் நடுவழியைப் பிடித்தார்கள் என்றாலும், வழிகேட்டு வழிசொல்லும் அந்தக் காட்சி நெடுஞ்சாலைப் பயணத்தை நன்கு அறிந்தவர் எழுதியது. நமக்கு முக்கியமானது அதன்பின் வரும் ஊர்காண் காதை. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் புறஞ்சேரியில் விட்டுவிட்டுக் கோவலன் மட்டும் மதுரைக்குள் போகிறான். வணிகரைக் கண்டு தன் நிலையைச் சொல்லி வருவதாகத்தான் புறப்படுகிறான். வாயிலில் காவல் நிற்கும் யவனர் ஐயுறாதபடி உள்ளே நுழைகிறான். அதன்பிறகு அந்தக் காதையில் விரிவதெல்லாம் தெருக்கள்தான். கணிகையர் வீதி, மணிக்கடைகள், பொற்கடைகள், அறுவை வீதி, கூல வீதி என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்து நடக்கிறான். பார்த்து முடித்துத் திரும்பிவந்து நகரின் சிறப்பைச் சொல்கிறான். போன காரியம் பின்னுக்குப் போய் ஊர் பார்ப்பது முன்னுக்கு வந்துவிட்ட ஒரு நாள் அது. காரியம் என்று சொல்லிக் கிளம்பி ஊர் பார்த்துத் திரும்புவது அன்றே கதைக்குள் வரும் அளவுக்குப் பழகிய செய்தி.

இலக்கியத்தை வைத்து வரலாறு பேசலாமா என்ற கேள்வி நியாயமானது. கோவலன் என்றொருவன் நடந்த தடத்தை யாரும் தோண்டி எடுக்க முடியாது. ஆனால் ஒரு காப்பியம் தன் காலத்து வாசகர் நம்பக்கூடிய ஒன்றைத்தான் இவ்வளவு இயல்பாகச் சொல்லிப்போகும். தனியாக ஒருவன் நகருக்குள் போய்ப் பார்த்துத் திரும்புவது அந்த வாசகருக்கு நம்பக்கூடியதாக இருந்தது என்பதே இங்கே தேவையான சான்று. அந்தக் காப்பியம் இன்னொன்றையும் சொல்கிறது. மறுமுறை கோவலன் சிலம்பு விற்கத் தனியே போனபோது அவனுக்காகச் சாட்சி சொல்ல அந்நகரில் ஒருவரும் இல்லை. பொற்கொல்லன் சொன்னது எடுபட்டது, அயலான் வெட்டுண்டான். பொய்க்குற்றமும் விதியும் ஒருபுறம் இருக்கட்டும். 'இவரை எனக்குத் தெரியும்' என்று சொல்ல ஆளில்லாதவன் பெருநகரில் எவ்வளவு எளிதாகக் கள்வனாகிவிடுவான் என்பதை அந்தக் கதை முழு வேதனையோடு காட்டுகிறது. தனிவழி வேண்டாம் என்று நம் பெரியவர்கள் சொன்னதற்குக் காட்டு விலங்கும் வழிப்பறியும் மட்டும் காரணமில்லை. கூட்டமாகப் போனால் ஒருவருக்கொருவர் சாட்சி. நம் ஊர்களில் வழித்துணை என்பது பாதுகாப்பும் அடையாளச் சீட்டும் ஒன்றாய்ச் சேர்ந்த ஏற்பாடாக இருந்தது.

அந்த ஏற்பாடு எவ்வளவு கனமானது என்பதை 1830-ல் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்ட ஏனுகுல வீராசாமி காட்டுகிறார். அவர் சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். கம்பெனி அதிகாரிகளிடம் செல்வாக்கு உள்ளவர். தெலுங்கில் நாள்தோறும் குறிப்பெழுதியவர். ஊர்களையும் கடைகளையும் மனிதர்களையும் பார்ப்பதில் அவருக்கு இருந்த ஆர்வம் இன்றைய எந்தப் பயண எழுத்தாளருக்கும் குறைந்ததல்ல. அப்படிப்பட்டவரும் ஏறத்தாழ நூறு பேரோடுதான் போனார். கூடாரம், பல்லக்கு தூக்குவோர், சமையலாள், காவலாள் என்று ஒரு சிற்றூரே நகர்ந்தது. பணமும் பதவியும் உள்ளவருக்கே இது கதி என்றால், திண்டுக்கல் பக்கத்துக் குடியானவரோ நெசவாளரோ மதுரையைத் தாண்டிப் போவதென்றால் சாரையாய்ப் போகும் வண்டிகளோடும் திருவிழாக் கூட்டத்தோடும் ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. செட்டிநாட்டிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகத் தைப்பூசத்துக்குப் பழனி போகும் நகரத்தார் காவடிக் கூட்டம் அந்த முறையின் இன்றும் உயிருள்ள வடிவம். எங்கே தங்குவது, எங்கே சமைப்பது, யார் முன்னே போவது என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக வகுத்து வைத்தது. அந்தக் கூட்டத்தின் அழகையும் அதிலுள்ள பக்தியையும் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதில் தனியாளுக்கு இடமில்லை. கூட்டம் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், நகர்ந்தால் நகர வேண்டும்.

யாத்திரை போனவர்கள் ஊர் பார்க்காமலா வந்தார்கள் என்று கேட்பவருண்டு. பார்த்தார்கள், கோபுரத்தையும் தேரையும் கடைவீதியையும் கண் நிறையப் பார்த்தார்கள். என் வாதம் அதை மறுக்கவில்லை, அதன்மேல்தான் நிற்கிறது. ஊர் பார்ப்பதற்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. சுவாமி கும்பிடுவது அவற்றுள் மேலான சாக்கு, வியாபாரம் அடுத்தது, கோர்ட்டு வழக்கு அதற்கும் அடுத்தது. திண்டுக்கல்லிலிருந்து புகையிலை வியாபாரியும் தோல் வியாபாரியும் வெளியூர் போய்வந்தபோது ஊர் பார்த்த கதையும் மூட்டையோடு வந்தது. ஐரோப்பாவில் மட்டும் தனிமனிதர் தொடக்கத்திலிருந்தே தன்னிச்சையாகச் சுற்றினார் என்று எண்ணவும் வேண்டாம். தாமஸ் குக் 1841-ல் இங்கிலாந்தில் ரயிலமர்த்தி நடத்திய முதல் உல்லாசப் பயணத்தில் ஏறத்தாழ ஐந்நூறு பேர் ஒன்றாகப் போனார்கள். அதற்கும் மதுவிலக்குக் கூட்டம் என்ற காரியம் ஒன்று இருந்தது. சாதாரண மனிதர் சாக்கில்லாமல், துணையில்லாமல் ஊர் பார்ப்பது எல்லா நாட்டிலும் பிந்தி வந்த உரிமை.

அந்த உரிமையின் முதல் படி சத்திரம். 1689 முதல் 1706 வரை மதுரை நாட்டை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயர் சாலைகளோடும் சாலையோரச் சத்திரங்களோடும் பிரியாமல் நிற்கிறது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரம் பிறகு ரயிலில் வந்தவர்களுக்கும் தங்குமிடமாயிற்று. சத்திரத்தின் சிறப்பு, வருபவரை அவ்வூரில் யாருக்கும் தெரிந்திருக்க வேண்டாம் என்பது. வழிப்போக்கர் என்ற நிலையே போதும். திண்ணையில் இடமுண்டு, சில இடங்களில் சோறும் உண்டு. தெரியாத ஆளை நம்பி இடங்கொடுக்கும் ஏற்பாட்டை அரசே செய்து வைத்தது பெரிய செயல். பிற்காலத்தில் திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் பேருந்துக் கழகத்துக்கு ராணி மங்கம்மாள் பெயரை வைத்தார்கள். எல்லாக் கழகங்களும் ஒரே பெயருக்குள் அடங்கிய 1997 வரை அந்தப் பெயரோடு பேருந்துகள் ஓடின. மிகப் பொருத்தமான பெயராக அது இருந்தது. ஆனால் சத்திரத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். சாதி கேட்டு இடம் பிரித்த சத்திரங்களும் வாசலிலேயே மறுத்த சத்திரங்களும் உண்டு. இடம் கிடைத்தவருக்கும் பூட்டுள்ள அறை பெரும்பாலும் இல்லை. மூட்டையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தால்தான் மற்றவர் குளிக்கப் போகலாம், கோயிலுக்குப் போகலாம். தனியே வந்தவர் தன் மூட்டைக்கே காவலாளாகிப் போனார்.

இங்கே திண்டுக்கல்லின் கைத்தொழில் ஒன்று தானாகவே கதைக்குள் வருகிறது. நாகல்நகர், நல்லாம்பட்டி போன்ற இடங்களில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கையால் பூட்டுச் செய்கிறார்கள். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு என்ற வடிவம் தமிழ்நாடெங்கும் தெரிந்தது. பூட்டு வீட்டுக்கும் கோயிலுக்கும் கிட்டங்கிக்கும் என்றுதான் நினைக்கிறோம். டிரங்குப் பெட்டியில் தொங்கிய சின்னப் பூட்டும் லாட்ஜ் அறைக் கதவில் தொங்கிய பூட்டும் பயணத்தை எப்படி மாற்றின என்பதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை, எழுதப்பட வேண்டும். துணைக்கு வந்த ஆள் செய்த வேலைகளில் ஒன்றைப் பூட்டு எடுத்துக்கொண்டது. சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு ஒற்றை ஆள் நாள் முழுக்க வெளியே சுற்றலாம் என்றானது.

ரயில் வந்தது 1875-ல். திருச்சியிலிருந்து மதுரைக்கு மீட்டர் கேஜ் பாதை போட்டபோது திண்டுக்கல் அதன்மேல் அமைந்தது. 1880 வாக்கில் தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் வழியாகச் சென்னைவரையும், மறுபுறம் தூத்துக்குடிவரையும் தொடர்ந்து போகலாம் என்ற நிலை வந்துவிட்டது. பருத்திக்கும் படைக்கும் நிர்வாகத்துக்கும் போட்ட பாதையை ஊர் சுற்றுவோரின் வரலாற்றில் சேர்ப்பது பொருந்துமா என்று ஒரு மறுப்பு வரக்கூடும். நோக்கம் அதுவல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாதை திறந்த மறு ஆண்டே தாது வருஷப் பஞ்சம் தொடங்கிற்று; தானியம் அதில்தான் வந்தது, கங்காணிகளின் பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூட்டங்களும் அதில் போயின. அந்தப் பயணங்களில் பார்ப்பதற்கு என்ன மனம் இருந்திருக்கும்? கொடைக்கானல் போகும் வெள்ளைக்காரருக்கு இதே பாதை வேறொன்றாக இருந்தது. அம்மையநாயக்கனூர் நிலையத்தில், இன்றைய கொடை ரோட்டில், இறங்கி மாட்டுவண்டியில் மலையடிவாரம் போய், அங்கிருந்து சமவெளிக் கூலியாட்கள் தோளில் சுமக்க மலையேறினார்கள். 1916 வாக்கில் மலைச்சாலை திறக்கும்வரை இதுதான் முறை. பார்க்கப் போனவர் ஒருவர், அவரைத் தூக்கிப் போனவர் பலர். தென்னிந்திய ரயில்வே வெளியிட்ட ஆங்கில வழிகாட்டி நூல் ஊர் ஊராகத் தங்குமிடமும் வண்டி வசதியும் வேட்டைக்குக் கிடைப்பதும் சொல்லிற்று. யாரை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்பது வேட்டைக் குறிப்பிலேயே தெரிகிறது.

இத்தனைக்கும் பிறகு ரயில் செய்த ஒரு காரியம் அதன் முதலாளிகளின் நோக்கத்தை மீறி நின்றது. டிக்கெட் தனி ஆளுக்குக் கொடுக்கப்பட்டது. யார் மகன், எந்தத் தெரு, உன்னோடு யார் என்று டிக்கெட் ஜன்னலில் கேட்கவில்லை. காசைக் கொடுத்தால் அட்டைத் துண்டு வந்தது. வழித்துணை தந்த அடையாளத்தை அந்த அட்டை தந்தது. மூன்றாம் வகுப்பின் நெரிசலையும் அழுக்கையும் பற்றிக் காந்தி 1917-ல் எழுதியது அத்தனையும் உண்மை. அந்தப் பெட்டியில் வசதி இல்லை. ஆனால் நூறு பேரைக் கூட்டிப் போகாமலே நூறு பேர் நடுவே போகும் பாதுகாப்பு அதில் இருந்தது. அட்டவணை இருந்தது, காலையில் போய் இரவு திரும்பலாம் என்று கணக்குப் போட முடிந்தது. சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரை, வண்டி கட்டிப் போன காலத்தில் ஓரிரவுக்குக் குறையாத பயணம். ரயில் வந்தபின் அது காலையில் போய்க் கோயிலும் திருமலை நாயக்கர் மகாலும் புதுமண்டபமும் பார்த்து இரவுக்குள் வீடு சேரும் ஊராயிற்று. ஒரு பகலில் போய்வரக்கூடிய நகரம்தான் தனியாள் முதன்முதலில் பயிலும் நகரம். திண்டுக்கல்லாருக்கு அந்தப் பள்ளிக்கூடம் மதுரை.

ஆனால் எந்தத் திண்டுக்கல்லாருக்கு? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகும் எந்தப் பயண வரலாறும் பாதி வரலாறுதான். ரயில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டது. இறங்கிய ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை. பொதுச்சாலையும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது 1924-ல். மதுரைக்குப் போகும் எவரும் முதலில் பார்க்க நினைப்பது மீனாட்சி கோயில். வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு அதற்குள் நுழைந்தது 1939 ஜூலை 8-ல். ரயில் வந்து அறுபத்து நான்கு ஆண்டு கழித்து. அதுவரை அந்த மக்கள் மதுரைக்கு வந்து கோபுரத்தை வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளிலேயே பிராமணருக்கு ஒரு பக்கம், மற்றவருக்கு ஒரு பக்கம் என்ற பிரிவு இருந்தது. சுயமரியாதை இயக்கத்தின் நெடுநாள் எதிர்ப்புக்குப் பின் 1941-ல்தான் அது போயிற்று. இன்னும் கொடியது கைரேகைச் சட்டம். குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட பிரமலைக் கள்ளர் ஆண்கள், உசிலம்பட்டிப் பக்கமும் அதைச் சுற்றிய ஊர்களிலும், இரவில் ஊரைவிட்டு வெளியே தங்க ராதாரிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய், எப்போது திரும்புவாய் என்பதற்கெல்லாம் பதில் எழுதிய தாளில்லாமல் போனால் சிறை. ஒருபுறம் யாரென்று கேட்காத ரயில் டிக்கெட். மறுபுறம் பிறப்பைக் கேட்டே கொடுத்த ராதாரிச் சீட்டு. இரண்டும் ஒரே காலத்தில் ஒரே வட்டாரத்தில் புழங்கின. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது 1947-ல். அந்தக் குடும்பங்களில் அதற்கு முன் யாருக்கும் ஊர் பார்க்கும் ஆசை இல்லை என்று எவராவது சொல்ல முடியுமா? தனியே போவது மனநிலையைப் பற்றிய செய்தியென்று பேசுபவர்கள் முதலில் இந்தச் சீட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

சாப்பாட்டுக் கடையின் பங்கு இதற்கடுத்தது. கட்டுச்சோறு ஒரு நாள் தாங்கும்; புளியோதரை என்றால் இரண்டு நாள். அதற்குமேல் தங்கினால் உறவுக்காரர் வீடு வேண்டும், அல்லது சமைக்கக் கூட ஆள் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரயில் நிலையங்களைச் சுற்றிப் பெருகிய காபி கிளப்புகளும் மிலிட்டரி ஓட்டல்களும் இந்தக் கட்டை அவிழ்த்தன. அங்கும் முதலில் சாதி பார்த்தார்கள். மெல்ல மெல்லக் காசைப் பார்க்கத் தொடங்கினார்கள். திண்டுக்கல்லில் 1957-ல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல், அவருடைய தலைப்பாகையால் பெயர்பெற்று, சீரகச் சம்பா பிரியாணிக்காகவே வெளியூரார் இறங்கும் இடமாயிற்று. இதை ருசியின் வரலாறாக மட்டும் பார்க்கக் கூடாது. முன்பின் தெரியாத ஒற்றை ஆளுக்கு இலை போட்டுப் பரிமாறுவது இயல்பாகிவிட்ட ஊரில்தான் இப்படி ஒரு கடை ஊருக்கே அடையாளமாக முடியும்.

சென்னை தனியாளுக்கு எட்டியது இரவு ரயிலால். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு நேர்பாதை 1920-களின் இறுதியில் அமைந்ததும் தொலைவு வெகுவாகக் குறைந்தது. 1969-ல் பாண்டியன் எக்ஸ்பிரஸ் வந்தது. இரவில் ஏறி விடிந்ததும் எழும்பூரில் இறங்கி, பகல் முழுக்க ஊர் பார்த்து, அன்றிரவே திரும்பினால் லாட்ஜ் வாடகையே இல்லை. இரண்டு இரவும் ரயிலில் கழிந்தன. 1977 ஆகஸ்டு 15-ல் வைகை எக்ஸ்பிரஸ் மதுரைக்கும் சென்னைக்கும் இடையே மீட்டர் கேஜிலேயே ஏழு மணி நேரச் சொச்சத்தில் பகலில் ஓடத் தொடங்கியபோது, வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போகும் பயணமும் கைக்கு வந்தது. திரைப்படங்களில் பட்டணம் வந்ததற்கு அடையாளம் சென்ட்ரல் நிலையமும் 1959-ல் எழுந்த எல்.ஐ.சி. கட்டடமும். உண்மையில் திண்டுக்கல்லார் முதலில் கண்டது 1908-ல் திறந்த எழும்பூர் நிலையத்தின் செங்கல் நிற முகப்பைத்தான். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் அருங்காட்சியகம். மக்கள் அதைச் செத்த காலேஜ் என்றார்கள், மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றார்கள். 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகத்தின் வளாகத்தில்தான் 1855-ல் மிருகக்காட்சி சாலையும் பிறந்தது. பிறகு சென்ட்ரல் பக்கமுள்ள பூங்காவுக்குப் போய், 1985-ல் வண்டலூருக்குப் போயிற்று. 1895 முதல் 1953 வரை டிராம் ஓடிற்று. 1931 முதல் தாம்பரம்வரை மின்சார ரயில். ஐந்து காசுக்கும் பத்துக் காசுக்கும் யாரிடமும் வழி கேட்காமல் சுற்றக்கூடிய பொது வண்டியும், யாரும் வரலாம் என்ற பொது இடமும் இருப்பதால்தான் ஒரு நகரம் தனியாளுக்கு வசப்படுகிறது. கடற்கரையில் ஒருவர் மணிக்கணக்காகத் தனியே உட்கார்ந்திருந்தாலும் ஏனென்று கேட்பாரில்லை. கிராமத்துக் குளக்கரையில் அது நடக்காது.

இங்கே மிகவும் கனமான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். தனியாகப் போவதை ஏன் முன்னேற்றம் என்று சொல்ல வேண்டும், கூடிப் போய்க் கூடி உண்டு கூடிப் பார்ப்பதுதானே நம் பண்பு, தனிமையை ஒரு பேறாகக் கொண்டாடுவது நம் மரபா என்று கேட்கிறார்கள். அந்தக் கவலையில் பொருளுண்டு. கூட்டமாகப் போகும் பழக்கம் அழிந்தால் நானும் வருந்துவேன். நான் பேசுவது தனிமையின் மேன்மையை அல்ல. தனியே போக முடிந்த பின்னும் கூட்டமாகப் போவது விருப்பம். தனியே போக முடியாததால் கூட்டமாகப் போவது கட்டாயம். பழைய காலத்தைப் பண்பாடு என்று போற்றும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. மேலும் தனியே போனவர்கள் நம் எழுத்துக்குத் தந்ததும் சிறிதல்ல. கோட்டையூர் ஏ.கே. செட்டியார் உலகைச் சுற்றிப் பயண இலக்கியத்தைத் தமிழில் நிலைநாட்டினார். அவருடைய உலகம் சுற்றும் தமிழன் 1940-ல் நூலாயிற்று. கண்டதைச் சிக்கனமாகவும் நேர்மையாகவும் சொல்லும் அந்த நடை, தன் கண்ணை மட்டும் நம்பிப் போனவரின் நடை.

பெண்கள் விஷயத்தில் வரலாறு இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது. ரயிலில் பெண்களுக்குத் தனிப் பெட்டி வைத்தார்கள். ஆனால் வீட்டிலிருந்து நிலையம்வரை துணை வேண்டும், இறங்கிய இடத்தில் அழைத்துப்போக ஆள் வேண்டும் என்பது மாறவில்லை. சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் நிறுவிய காந்திகிராமத்தில் பல ஊர்ப் பெண்கள் படிக்கவும் பயிலவும் வந்தது இந்தச் சமவெளியில் ஒரு திருப்பம். மதுரை–திண்டுக்கல் தடத்தில் இளம்பெண் ஒருத்தி பெட்டியோடு தனியே பயணம் செய்வது கண்ணுக்குப் பழகிய காட்சியானதற்குக் கல்லூரிகளும் ஆசிரியப் பணியும் மருத்துவப் பணியும் பெரிய காரணம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் புறநகர்ப் பேருந்துக்கு அது பொருந்தாது. ஆயினும் போய் இறங்கிய மதுரைக்குள் ஒரு பெண் எத்தனை பேருந்து வேண்டுமானாலும் மாறி ஏறலாம். காசு கேட்டுக் கணவரிடமோ அப்பாவிடமோ நிற்க வேண்டியதில்லை என்பதைவிட, எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு உட்படாமல் ஏற முடிகிறது என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

தங்குமிடத்தில்தான் பழைய சுவர் அப்படியே நிற்கிறது. ஆதார் அட்டையைக் காட்டியும் தனியாக வந்த பெண் என்பதால் அறை தர மறுக்கும் லாட்ஜுகள் நம் நகரங்களில் இன்னும் உண்டு. குடும்பத்தோடு வாருங்கள், அலுவலகக் கடிதம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். தேர்வு எழுத வந்தேன், நேர்முகத்துக்கு வந்தேன் என்றால் சில இடங்களில் மனமிரங்குகிறது. அரசு அண்மையில் பல நகரங்களில் தோழி விடுதிகளைத் திறந்திருப்பது நல்ல செயல். பெயரே சொல்வதுபோல் அவை பாதுகாப்பும் தோழமையும் தரக்கூடியவை. ஆனால் அவையும் முதன்மையாக வேலைக்குப் போகும் பெண்களுக்கென்று எழுந்தவை. கோயில், வணிகம், வழக்கு என்று காரியம் காட்டினால்தான் ஊர் நம்பும் என்ற பழைய விதியின் பிடி ஆண்களுக்கு ஏறத்தாழ முழுவதும் தளர்ந்துவிட்டது. சும்மா ஊர் பார்க்க வந்தேன் என்று சொல்லும் பெண்ணுக்கு மதுரையிலும் சென்னையிலும் எத்தனை வரவேற்பு மேசைகளில் சாவி எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று திண்டுக்கல் கல்லூரி மாணவிகளைக் கேட்டால், இந்த வரலாற்றின் அடுத்த பகுதியை அவர்கள் சொல்வார்கள்.